“அது வாறது எனக்குத் தெரியாது, அப்பா”

உப்புவெளி, திருகோணமலை
ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்புள்ள பிள்ளைக்கு,

முந்தநாள் நீ அம்மாவோடு கதைத்ததை நான் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒளித்திருந்து கேட்டேன் என்று நினைக்காதே. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டால் நான் என்ன, முன்வீட்டு மாமியும் கேட்பா. பேரன் ஒழுங்காக வெளிக்குப் போவதில்லை, மலச்சிக்கல் என்று சொல்லி நீ அழுதாய். அம்மா உடனே ஆமணக்கெண்ணெய், வெற்றிலைக் காம்பு, சவர்க்காரத் துண்டு என்று தொடங்கிவிட்டாள். அப்பாவிடம் போனைக் கொடுங்கோ என்று நீயும் கேட்கவில்லை, நானும் கை நீட்டவில்லை. வெளிக்குப் போகிற விஷயத்தை என்னோடு கதைக்க உனக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். முன்வீட்டுப் பெடியன் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். பயப்படாதே, என் கையெழுத்தை அவனால் வாசிக்க ஏலாது. உனக்கும் அம்மாவுக்கும் பழைய மருந்துக் கடைக்காரருக்கும் மட்டும்தான் அது விளங்கும்.

நீ சொன்னதையெல்லாம் ஒரு கொப்பித் தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். தொழில் பழக்கம், விடாது. பேரனுக்கு நாலரை வயது. புரட்டாதியில் பள்ளிக்கூடம் தொடங்கியதில் இருந்து ஐந்தாறு நாளுக்கு ஒருதரம்தான் போகிறான். போனால் கக்கூசு அடைபடுகிற அளவுக்குப் பெரிசு, ஒருதரம் ரத்தமும் கண்டது. இடையில் ஒவ்வொரு நாளும் உள்ளுடுப்பில் தண்ணியாகப் படுகிறது. சோபாவுக்குப் பின்னால் போய், நுனிக்காலில் நின்று, கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, சேலைத் தலைப்பைப் பிடிக்கிற மாதிரி திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்கிறான். ராத்திரியில் படுக்கை நனைவது திரும்பவும் தொடங்கிவிட்டது. சாப்பாடு இறங்குவதில்லை, பால் மட்டும் நாலு போத்தில் குடிக்கிறான். வியாழக்கிழமை நீ பொறுமை இழந்து கத்திப்போட்டாய். அடுத்த நாள் அழுக்கான உள்ளுடுப்பை அவன் விளையாட்டுச் சாமான் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தான்.

அந்தப் பெட்டிக் கதை வந்தபோதுதான் நான் எழும்பி முற்றத்துக்குப் போனேன்.

முதலில் ஒரு விஷயம். சோபாவுக்குப் பின்னால் அவன் முக்குகிறான் என்று நினைத்து நீ “முக்கு, முக்கு” என்கிறாய். அவன் முக்கவில்லை பிள்ளை, அடக்குகிறான். வெளிக்குப் போக முக்குகிற பிள்ளை குந்தும், குனியும், காலை அகட்டும். காலைப் பின்னிக்கொண்டு விறைத்து நிற்கிற பிள்ளை உள்ளே தள்ளுகிறது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவந்த முகம்தான். ஊரில் எத்தனையோ தாய்மார் என் யன்னலடியில் நின்று “முக்கிமுக்கிப் பார்க்கிறான், வருதில்ல ஐயா” என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் தலையாட்டி மருந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் அடக்குகிறான்? எப்போதோ ஒருநாள் இறுகிப் போய், நொந்திருக்கும். பின்பக்கம் சின்னதாக வெடித்து ரத்தம் கண்டது என்றாயே, அந்த நாளாக இருக்கலாம். நாலு வயதுப் பிள்ளையின் கணக்கு மிகவும் நேர்மையானது: போனால் நோகும், போகாவிட்டால் நோகாது. ஆனபடியால் போகமாட்டேன். பெருங்குடலுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அதன் வேலை தண்ணீரை உறிஞ்சுவது. உள்ளே தங்கினதில் இருந்து அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் தங்கினால் இறுகும், நாலு நாள் தங்கினால் கல்லாகும், பெருக்கும். அடுத்த தடவை இன்னும் நோகும். அவன் இன்னும் பிடிவாதமாக அடக்குவான். இந்தச் சுற்றுக்குள் அகப்பட்ட பிள்ளைக்குப் புத்திமதி சொல்லி வேலையில்லை.

இது தொடங்குகிற காலம் பெரும்பாலும் மூன்று. பால்குடிப் பிள்ளைக்குச் சோறு தீத்தத் தொடங்கும்போது, பம்பர்சைக் கழற்றிக் கக்கூசு பழக்கும்போது, பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்போது. உன் மகன் மூன்றாவது வாசலில் நிற்கிறான். புதுப் பள்ளிக்கூடத்துக் கக்கூசு, கதவைத் தட்டுகிற பெடியள், தானாகத் தண்ணீர் இறைக்கிற சத்தம். கனடாவில் மட்டும் இல்லை. இங்கே முன்வீட்டு மாமியின் பேத்தி ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் புத்தகப்பையைத் தெருவில் எறிந்துவிட்டு ஓடி வருகிறாள். காலையில் இருந்து ஒன்றுக்குக்கூடப் போவதில்லை. தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும் என்று தண்ணீரும் குடிப்பதில்லையாம். கேட்டால் “மணக்கும் தாத்தா” என்கிறாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இப்போது நான் எழுத வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

1990 ஆனியில் சண்டை தொடங்கினபோது நாங்கள் தம்பலகாமத்தில் இருந்தோம். உனக்கு ஐந்து வயது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு, ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் மாதக் கணக்காக இருந்தோம். வகுப்பறைக்கு ஆறேழு குடும்பம், எல்லோருக்கும் இரண்டே இரண்டு கக்கூசு. ஒன்றுக்குக் கதவு இல்லை, சாக்குத் தொங்கும். வரிசை எப்போதும் இருக்கும். ராத்திரியில் வெளியே போக ஒருவருக்கும் துணிவில்லை. சாப்பாடு சோறும் பருப்பும், இல்லாவிட்டால் மாவு ரொட்டி. கீரையா, பழமா? தண்ணீரும் அளந்துதான். அங்கேதான் நீ அடக்கப் பழகினாய். நான் அதைக் கவனிக்கவே இல்லை. உயிரோடு இருக்கிறோமா என்று எண்ணிக்கொண்டிருந்த நாளில் பிள்ளை எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்று யார் எண்ணினார்கள்?

திரும்பி வந்து 1991இல் உன்னை முதலாம் வகுப்பில் சேர்த்தோம். அதோடு உடுப்பு அழுக்காகத் தொடங்கியது. தண்ணியாகத்தான் பட்டது, நாளுக்கு மூன்று நாலு தடவை. நான் மருந்துக் கலவையாளர். ஊரெல்லாம் என்னை டிஸ்பென்சர் ஐயா என்று கூப்பிடும். என் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று எனக்கா தெரியாது? வயிற்றோட்டம் என்று தீர்த்தேன். ஜீவனி கரைத்துத் தந்தேன். அதோடு விடவில்லை. அந்தக் காலத்தில் வயிற்றோட்டத்துக்குக் கயோலின் மிக்ஸ்சர் கொடுப்போம், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருக்கும், நினைவிருக்கிறதா? அதையும் உனக்கு வேளைக்கு வேளை பருக்கினேன். வயிற்றை இறுக்குகிற மருந்து. ஏற்கனவே இறுகிக் கிடந்த வயிற்றுக்கு!

அது நிற்கவில்லை. ஒருநாள் வகுப்பில் பட்டுவிட்டது. பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று பின்னேரம் நெல் மூட்டைக்குப் பின்னால் காய்ந்துபோன உள்ளுடுப்பு நாலைந்தை அம்மா கண்டெடுத்தாள். நான் கிணற்றடியில் வைத்து உனக்குப் பூவரசம் கம்பால் அடித்தேன். “சொல்லிப்போட்டுப் போறதுக்கு என்ன?” என்று கேட்டுக்கேட்டு அடித்தேன். நீ ஒன்றே ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாய்: “அது வாறது எனக்குத் தெரியாது, அப்பா.”

நான் நம்பவில்லை. வெளிக்கு வருவது ஒருவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? பொய்க்கும் சேர்த்து இரண்டு அடி போட்டேன்.

பிறகு ஒரு மாதம் கழித்து டவுனில் பிள்ளைகள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சிங்கள டொக்டர், இளம் ஆள், தமிழ் அரைகுறை. நான் ஆஸ்பத்திரி ஆள் என்ற நினைப்பில் “குரொனிக் டயரியா, சேர்” என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உன்னைக் கட்டிலில் படுக்க வைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, வயிற்றில் வைத்தார். கொஞ்ச நேரம் தடவிவிட்டு என் கையைப் பிடித்து உன் தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம் வைத்தார். குரும்பட்டி ஒன்று உள்ளே கிடந்தது மாதிரி இருந்தது. உருண்டையாக, கல்லாக. “இது டயரியா இல்ல. இது அடைப்பு. தண்ணி இத சுத்தி வருது” என்றார். நான் மெதுவாக, வேண்டுமென்று செய்கிறாள் போல என்றேன். அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மகள் என்ன சொல்றது?” என்று கேட்டார். வருவது தெரியாதாம் என்றேன். “மகள் பொய் இல்ல சொல்றது.”

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். தம்பலகாமத்து வயலுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வருவதை நீ பார்த்திருக்கிறாய். மடையில் ஒரு பெரிய கல் விழுந்து அடைத்துவிட்டால் தண்ணீர் நின்றுவிடாது. கல்லைச் சுற்றி, இடுக்கால் கசிந்து வந்துகொண்டே இருக்கும். பிள்ளையின் குடலிலும் அதேதான். கீழே இறுகின கட்டி கிடக்கிறது. மேலே இருந்து வருகிற இளக்கம் அதன் ஓரத்தால் வழிந்து உடுப்பில் படுகிறது. மாதக் கணக்காகக் கட்டியைச் சுமந்து மலக்குடல் விரிந்துபோனதால் “நிரம்பிவிட்டது, போ” என்று சொல்கிற உணர்வே மங்கிவிடும். அதனால் வருவது பிள்ளைக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. அடித்தாலும் தெரியாது, பரிசு தந்தாலும் தெரியாது. உன் மகனுக்கு நடப்பதும் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். படுக்கை நனைவதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். நிரம்பின குடல் பக்கத்தில் இருக்கிற சலப்பையை நெருக்கும். சாப்பாடு இறங்காததும் அப்படித்தான். கீழே இடமில்லாமல் மேலே எங்கே போடுவது?

ஆகவே பெட்டிக்குள் உடுப்பை ஒளித்தவனை ஒன்றும் கேட்காதே. எடு, கழுவு, மடித்து வை. முகத்தையும் சுளிக்காதே. “இது உன்ர பிழை இல்ல, வயிறு அடைபட்டுக் கிடக்கு, நாங்கள் திறப்பம்” என்று மட்டும் சொல்லு. நான் உனக்கு அதைச் சொல்லவே இல்லை. கிளினிக்கில் இருந்து வரும் வழியில் ஐஸ் பழம் வாங்கித் தந்தேன், அவ்வளவுதான். அந்தக் காலத்து அப்பாமார் மன்னிப்புக் கேட்கிற முறை அது.

இனி மருந்துக் கதை. அம்மா சொன்ன மூன்றையும் ஒதுக்கி வை. சவர்க்காரத் துண்டு உள்ளே இருக்கிற மெல்லிய தோலை எரிக்கும். வெற்றிலைக் காம்பு வெடித்த இடத்தில் பட்டால் பிள்ளை கூரையைத் தொடும். ஆமணக்கெண்ணெய் வயிற்றைப் பிசைந்து பேதியாக்கிவிட்டு அடுத்த நாளே பழையபடி விட்டுவிடும். எங்கள் காலத்தில் பள்ளி விடுமுறைக்கு விடுமுறை, விடியற்காலையில் கோப்பித் தண்ணியோடு பேதி குடித்துத்தான் வளர்ந்தோம், அது வேறு கதை. இங்கே நோய் குடலில் பாதி, பயத்தில் பாதி. பின்பக்கத்தால் எதைச் செய்தாலும் பயம் கூடும். எனிமாகூட டொக்டர் வேறு வழி இல்லை என்றால்தான்.

உங்கள் ஊரில் குடும்ப டொக்டர் பெரும்பாலும் பொலிஎத்திலீன் கிளைக்கோல் 3350 என்கிற தூளைச் சொல்லுவார். மணம் குணம் இல்லாமல் தண்ணீரில் கரையும். குடல் அதை உறிஞ்சாது. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கல்லை இளக்கும். இங்கே லக்டுலோஸ் பாணி அதிகம். அதுவும் அதே வழிதான், கொஞ்சம் வாயு கூடும். எது ஆனாலும் வேலை இரண்டு கட்டம். முதலில் கட்டியை வெளியேற்ற வேண்டும். தூள் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, மூன்று முதல் ஆறு நாள் கொடுப்பார்கள். அந்த நாட்களில் உடுப்பு இன்னும் மோசமாகும், பயந்து நிற்பாட்டிவிடாதே. லீவு நாளாகப் பார்த்துத் தொடங்கு. கட்டி வெளியேறின பிறகு அளவைக் குறைத்து, நாளுக்கு ஒருதரம் மெத்தென்று போகிற அளவில் பிடித்து வைக்க வேண்டும். எடையைப் பார்த்து அளவு சொல்வது டொக்டரின் வேலை. நான் கிராம் கணக்கு எழுதினது நீ விளங்கிக்கொள்ளத்தான், நீயே கரண்டியைத் தூக்க அல்ல.

பலரும் கவிழ்கிற இடம் இந்த இரண்டாம் கட்டம். நானே கவிழ்ந்தேன். கிளினிக்கில் உனக்கு மில்க் ஒஃப் மக்னீசியா எழுதித் தந்தார்கள். இரண்டு கிழமையில் நீ ஒழுங்காகப் போகத் தொடங்கினாய். “பழக்கமாகிவிடும், குடல் சோம்பல் படும்” என்று நானே முடிவெடுத்து நிற்பாட்டினேன். அடுத்த மாதம் பழையபடி குரும்பட்டி. டொக்டர் இந்த முறை என்னைத் திட்டினார், அதுவும் சிங்களத்தில், எனக்கு முழுக்க விளங்கியது. விரிந்த குடல் சுருங்கி, உணர்வு திரும்பி, பிள்ளைக்கும் பயம் விட்டுப்போக நாள் எடுக்கும். குறைந்தது இரண்டு மாதம். பிறகு தொல்லை ஒன்றும் இல்லாமல் ஒரு மாதமாவது போனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கலாம். பல பிள்ளைகளுக்கு அரை வருஷம், ஒரு வருஷம்கூடப் பிடிக்கும். இந்தத் தூளால் குடல் சோம்பல்படாது. சோம்பல்படுத்துவது உள்ளே கிடக்கிற கட்டிதான்.

டொக்டரிடம் போகும்போது வெறும் “மலச்சிக்கல்” என்று சொல்லாதே. அங்கே பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று வைத்திருப்பார்கள், பிரித்தானியாவில் 1997இல் வந்தது. மலத்தை ஏழு வகையாகப் படம் போட்டுக் காட்டும். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறு மாதிரி இதிலும் ஏழு என்று நான் அம்மாவிடம் சொன்னேன், “கோவில் குளத்தோட எதை ஒப்பிடுறீங்கள்” என்று ஏச்சு விழுந்தது. முதலாவது வகை எப்படி என்று உனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான்கள் நிற்குமே, அதுகளின் புழுக்கை. இரண்டாவது அந்தப் புழுக்கையெல்லாம் ஒட்டிக் கட்டியானது. மூன்றும் நாலும் நல்லது. ஏழு வெறும் தண்ணி. எந்த நாளில் எந்த எண், எத்தனை தடவை, உடுப்பில் பட்டதா என்று ஒரு கிழமைக்குக் குறித்துக்கொண்டு போ. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் போகிறான் என்றாலும் உள்ளே நிரம்பி இருக்கலாம், எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதே.

பயப்பட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அதைத் தேடி நீ ராத்திரியில் போனை நோண்டக்கூடாது. பிறந்து இரண்டு நாளுக்குள் கறுப்பு மலம் போகாத பிள்ளை, முதல் மாதத்திலேயே சிக்கல் தொடங்கின பிள்ளை என்றால் குடலின் நரம்பில் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உன் மகன் பிறந்த அன்றைக்கே போனான். நீ ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்து முதலில் சொன்ன செய்திகளில் அதுவும் ஒன்று, நான் கேட்டதால் சொன்னாய், மருமகன் பின்னால் சிரித்தார். அது நல்ல அடையாளம். ஆனால் பச்சையாகச் சத்தி எடுத்தால், வயிறு ஊதி விறைத்தால், காய்ச்சலோடு வந்தால், எடை ஏறாமல் நின்றால், கால் பலமிழந்தால் அல்லது நடை மாறினால், முதுகின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ இருந்தால், மலம் ரிபன் மாதிரி மெலிந்து வந்தால், காத்திராமல் காட்டு. வெடிப்பு ஒன்றும் இல்லாமல் ரத்தம் வந்தாலும் அப்படித்தான்.

சாப்பாட்டை இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். கல்லாகக் கிடக்கும்போது கீரையை மட்டும் திணித்தால் கல்லுக்குப் பின்னால் கீரை நிற்கும், வேறொன்றும் நடக்காது. மருந்தும் சாப்பாடும் சேர்ந்து போக வேண்டும். முதலில் அந்த நாலு போத்தில் பாலைக் குறை. நாலு வயதுக்கு நாளுக்கு இரண்டு கோப்பை காணும், போத்திலில் இல்லாமல் கோப்பையிலேயே கொடு. பால் வயிற்றை நிரப்பிவிட்டால் சோற்றுக்குப் பசி எங்கே வரும்? பாண் வெள்ளையாக வாங்காதே. ஸ்காபரோவில் குரக்கன் மாவும் சிவப்பரிசியும் முருங்கை இலையும் எங்கள் சந்தையை விடத் தாராளமாகக் கிடைக்கிறது என்று நீதான் பீற்றிக்கொள்வாய். குரக்கன் பிட்டில் பழுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து கொடுத்தால் சாப்பிடுவான், நீ சாப்பிட்டாய். பப்பாசிப்பழம் நல்லது. பேரிக்காயும் காய்ந்த புரூன் பழமும் அங்கே சுலபம். அதுகளில் இருக்கிற ஒருவகைச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைக்கும். தண்ணீரைக் குடம் குடமாகப் பருக்கத் தேவையில்லை, தாகத்துக்குக் குடித்தால் காணும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்ட போத்தில் நிரம்பியே திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. சாப்பாடு வயிற்றில் விழுந்தால் கீழ்க்குடல் தானாக அசையும், அது இயற்கை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் ராச்சாப்பாட்டுக்குப் பிறகும் அரை மணித்தியாலத்துக்குள் அவனைக் கக்கூசில் ஐந்து நிமிஷம் இருத்து. பத்துக்கு மேல் வேண்டாம். போனானா இல்லையா என்று கேட்காதே. இருந்ததற்கே ஒரு நட்சத்திரம் ஒட்டிவிடு. போகிறது அவன் கையில் இல்லை, இருக்கிறது அவன் கையில் இருக்கிறது. சோப்பு நுரைக் குமிழி ஊதக் கொடு, அல்லது பத்திரகாளி கோவில் திருவிழாவில் வாங்கின ஊதியைக் கொடு. ஊதும்போது வயிறு தானாக முக்கும்.

கால்தான் முக்கியம். நீங்கள் வைத்திருக்கிற உயரக் கொமேட்டில் நாலு வயதுப் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற காலோடு நீயே முக்கிப் பார், ஏலாது. எங்கள் ஊர்க் குந்துற கக்கூசு மணத்தாலும் நுளம்பாலும் எவ்வளவோ கெட்ட பெயர் எடுத்தது, ஆனால் இருக்கிற முறை அதில் சரி. குந்தும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது, வழி திறக்கிறது. கொமேட்டில் அதற்கு ஒரே வழி காலுக்குக் கீழே பலகை போடுவது. பாதம் முழுக்கப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் உயர வேண்டும். பின்பக்கம் உள்ளே விழாதபடி சின்ன இருக்கையும் வேண்டும், விழுந்துவிடுவேன் என்று இறுக்கிப் பிடித்திருக்கிற பிள்ளைக்குப் பின்பக்கமும் இறுகியே இருக்கும்.

பள்ளிக்கூடத்து ரீச்சரோடு நீயே போய்க் கதை. எப்போது கேட்டாலும் விட வேண்டும், வகுப்பின் முன்னால் கை தூக்கிக் கேட்க வைக்கக்கூடாது, மாற்று உடுப்பு ஒன்று பையில் இருக்கும், பட்டால் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மாற்ற வேண்டும். இதை இங்கிலீசில் வடிவாகச் சொல்ல உனக்குத் தெரியும். 1991இல் நான் உன் ரீச்சரிடம் போய்ச் சொல்லியிருந்தால் அந்த வகுப்பில் மூக்கைப் பொத்தினவர்களுக்கு நடுவே நீ நின்றிருக்கமாட்டாய்.

அந்தப் பூவரச மரம் இப்போது இல்லை. 2004 சுனாமிக்கு முன்னமே தம்பலகாமத்து வளவை விற்றுவிட்டு இங்கே வந்துவிட்டோம், வாங்கினவர் வேலியை மாற்றிவிட்டார். கிணறு இருக்கிறது. போன மாதம் ஆதிகோணேசர் கோவிலுக்குப் போன வழியில் எட்டிப் பார்த்தேன். நீ மறந்திருப்பாய். மறந்திருந்தால் நல்லது. மறக்கவில்லை என்றால் நீ அன்றைக்குச் சொன்னது உண்மை, நான் கேட்டிருக்க வேண்டும், அடித்தது பிழை. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

மார்கழியில் எங்கள் தெருவில் இருந்து ஒரு குடும்பம் ரொறன்ரோவுக்கு வருகிறது. பார்சலில் ஒடியல் மா, குரக்கன் மா, பேரனுக்கு ஒரு பட்டம் வைக்கிறோம். கால் பலகையை நானே செய்கிறேன். வேப்பம் பலகை அறுத்து வைத்திருக்கிறேன், மடித்து வைக்கக்கூடிய மாதிரி, பாரம் கூடாமல். மருமகனிடம் சொல்லி இரண்டு அளவு எடுத்து அனுப்பு: தரையில் இருந்து கொமேட்டின் விளிம்பு வரை எத்தனை இன்ச், பேரனின் முழங்கால் மடிப்பில் இருந்து குதிக்கால் வரை எத்தனை இன்ச். செருப்பு இல்லாமல் அளக்கவும்.

அன்புடன்,
அப்பா

பி.கு. அம்மா ஆமணக்கெண்ணெய்ப் போத்தில் ஒன்றைப் பார்சலுக்குள் வைத்திருந்தாள். எடுத்துவிட்டேன். அவள் திரும்பவும் வைத்து, அது அங்கே வந்து சேர்ந்தால் கதவுப் பிணைச்சலுக்குப் பூசு.